'வட்டம் உடையாமல் இருக்குமா?' கார்ட்டர் குடும்பத்தின் பாட்டு யாரைக் கேட்கிறது?

மலைத்தேன்

கன்ட்ரி காஸ்பல் என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பக்திப் பாட்டுப் பக்கம் கொஞ்சம் காது கொடுத்தவர்கள், கார்ட்டர் குடும்பம் என்ற குழு பாடிப் பரப்பிய 'வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' பாட்டைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேட்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஜன்னலோரம் நிற்கிறார். மகனா மகளா என்று பாட்டில் இல்லை. குளிர், மேகமூட்டம். அம்மாவை எடுத்துப்போகச் சவ வண்டி வருகிறது. வண்டி ஓட்டுகிறவரிடம் 'கொஞ்சம் மெதுவாகப் போங்கள், இவரை அனுப்ப எனக்கு மனசில்லை' என்கிறார். பின்னாலேயே நடக்கிறார். தைரியமாக இருக்கப் பார்க்கிறார், குழிக்குள் இறக்கும்போது முடியவில்லை. திரும்பி வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் அழுகிறார்கள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவில் பல்லவி வருகிறது. வட்டம் உடையாமல் இருக்குமா, பின்னொரு நாளில்? வானத்தில் இதைவிட நல்ல வீடு ஒன்று காத்திருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது, என்ன வட்டம் இது? இரண்டாவது, பல்லவியின் முதல் பாதி கேள்வி, அடுத்த பாதி அடித்துச் சொல்கிற பதில். நல்ல வீடு இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அப்புறம் என்ன கேள்வி வேண்டியிருக்கிறது? தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

பூனைக்கண்

சாவுப் பாட்டா இது? மெட்டைக் கேட்டால் கைதட்டத்தானே தோன்றுகிறது. போன வருடம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் இதை வாசித்துத் தொலைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

சந்தேகப் பிராணி

வட்டம் என்றால் பிறவிச் சுழற்சியாக இருக்கும். பிறக்கிறோம், சாகிறோம், மறுபடி பிறக்கிறோம். அம்மா போனாலும் சுழற்சி நிற்காது என்கிறார்கள். இதில் என்ன குழப்பம்?

ஆல்ட்டோ அக்கா

இல்லை தம்பி. பிறவிச் சக்கரம் உடைந்தால்தானே நமக்கு விடுதலை? இங்கே உடைந்துவிடக் கூடாது என்றல்லவா தவிக்கிறார்கள்.

இது குளிர்தேசத்து வட்டம். கணப்பில் விறகு எரியும், அதைச் சுற்றி அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் என்பதையே ஆங்கிலத்தில் வட்டம் என்று சொல்கிற வழக்கம் உண்டு. நாம் 'நட்பு வட்டம்' என்பதுபோல.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. கார்ட்டர் குடும்பம் பாடுவதற்கு முன்னாலேயே இது ஒரு சபைப் பாடல். அதன் சரணங்களைத் தேடிப் பாருங்கள். பழைய நாளில் கணப்பைச் சுற்றிக் கூடி உட்கார்ந்ததை நினைத்துப்பார் என்று ஒரு சரணம் வருகிறது. அடுத்த சரணம் இன்னும் கொடுமை. ஒவ்வொருவராக எழுந்துபோகிறார்கள், ஒவ்வொரு இருக்கையாகக் காலியாகிறது. குடும்பம் சிதறிப்போய்விட்டது, ஒருநாள் மறுபடி முழுசாகுமா என்று கேட்டு நிறுத்துகிறார்கள். காலி நாற்காலிதான் வட்டத்தில் விழுந்த உடைசல்.

எங்கள் கொயரில் இதை நான் பாடியிருக்கிறேன். 'காலி இருக்கை' வரி வரும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற வயதானவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சுருதி போய்விடும்.

மலைத்தேன்

கணப்பு! அதனால்தான் 'நல்ல வீடு' அடுத்த வரியில் வருகிறதா? வீடு மாறும், நாற்காலிகளை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று. அக்கா, அந்தப் பழைய பாடலை எழுதியது யார்?

வால்வு ரேடியோ

அக்கா ஆரம்பித்துவைத்ததை நான் கொஞ்சம் நீட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் ஏடா ஹேபர்ஷன். 1861இல் லண்டனில் பிறந்த ஒரு டாக்டரின் மகள். கார்ட்டர் குடும்பம் வாழ்ந்த அப்பலாச்சிய மலையைக் கண்ணால் பார்த்தவரா என்றுகூடக் கேட்க வேண்டாம், முழுக்க லண்டன்காரர். அமெரிக்க நற்செய்தியாளர் டி.எல். மூடியும் பாடகர் சாங்கியும் 1884இல் லண்டனுக்கு வந்தபோது அவர்களோடு பழக்கம் ஏற்பட்டது. 1905 வாக்கில் டாரி, அலெக்ஸாண்டர் என்ற இன்னொரு ஜோடி எழுப்புதல் கூட்டங்கள் நடத்த வந்தது. அதில் சார்ல்ஸ் அலெக்ஸாண்டர் பாட்டுப் பொறுப்பாளர். 'கூட்டத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுங்கள்' என்று ஹேபர்ஷனைக் கேட்டிருக்கிறார். ஒரே வருடத்தில் 200 பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் அம்மணி. வட்டப் பாட்டு 1907ஆம் ஆண்டுக் கணக்கு. மெட்டுப் போட்டவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் கேப்ரியல். சிட்டுக்குருவியின் மேலும் அவர் கண் இருக்கிறது என்ற பாட்டுக்கும் மெட்டு இவருடையதுதான்.

இப்போது மலைத்தேனின் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். எழுப்புதல் கூட்டத்துக்கு எழுதிய பாட்டு என்பதை மறந்துவிடாதீர்கள். பிரசங்கம் முடிந்ததும் 'மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்' என்று அழைப்பார்களே, அந்த நேரத்துக்குப் பொருத்தமான பாட்டு இது. சரணங்கள் முழுக்க 'நீ', 'உன்' என்றே போகின்றன. உன் அன்புக்குரியவர்கள் மகிமையில் இருக்கிறார்கள். உன் கதை முடியும்போது நீ அவர்களோடு போய்ச் சேருவாயா? சின்ன வயதில் அவர்கள் கற்றுக்கொடுத்த பாட்டுகள் இன்னும் உனக்குப் பிடிக்குமா, இல்லை உலகத்துப் பாட்டுகள்தான் வேண்டுமா?

அதாவது செத்தவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆபத்து உயிரோடு இருக்கிறவனுக்குத்தான். வட்டம் உடைந்தால் உடைக்கப் போகிறவன் நீ. ஹேபர்ஷனின் கேள்வியில் சந்தேகம் ஒன்றுமில்லை. அது மிரட்டல். அன்பான மிரட்டல், ஆனாலும் மிரட்டல்தான்.

அவருடைய பல்லவியில் இரண்டு பாதியுமே கேள்வி என்பதையும் கவனிக்க வேண்டும். வட்டம் உடையாமல் இருக்குமா? வானத்தில் நல்ல வீடு ஒன்று காத்திருக்கிறதா? அதை 'காத்திருக்கிறது' என்று மாற்றியது கார்ட்டர்.

மலைத்தேன்

சார், கடைசி வரியைச் சொல்லிவிட்டுப் பாதியில் போனால் எப்படி? மாற்றினாரா? ஏன்?

வால்வு ரேடியோ

சாப்பிடப் போனேன் தம்பி.

வர்ஜீனியாவில் கிளின்ச் மலை என்று ஒரு நீண்ட மலைத்தொடர். அதன் அடியில் மேசஸ் ஸ்பிரிங். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயரே 'ஏழைப் பள்ளத்தாக்கு'. அங்கே ஏ.பி. கார்ட்டர் என்று ஒருவர், பழமரக் கன்று விற்கிறவர். மலையைத் தாண்டிக் கன்று விற்கப் போன இடத்தில், ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியம் வைத்துப் பாடிக்கொண்டிருந்த சாராவைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். சாராவின் உறவுக்காரப் பெண் மேபல், ஏ.பி.யின் தம்பியைக் கட்டினார். இந்த மூன்று பேர்தான் கார்ட்டர் குடும்பம்.

1927 ஆகஸ்டில் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் ஊரில் மலைப் பாடகர்களைப் பதிவு செய்ய வந்தார். ஒரு பாட்டுக்கு 50 டாலர். மூவரும் கார் எடுத்துக்கொண்டு போனார்கள். மேபலுக்கு வயது 18, நிறைமாதத்துக்குக் கிட்டே. இரண்டு நாளில் ஆறு பாட்டு. கன்ட்ரி இசையின் வரலாற்றையே அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள்.

வட்டப் பாட்டை அவர்கள் பதிவு செய்தது எட்டு வருடம் கழித்து, 1935 மே மாதம், நியூயார்க்கில். தலைப்பு 'வில்' அல்ல, 'கேன் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்'. வட்டம் உடையாமல் இருக்குமா என்பது 'இருக்க முடியுமா' ஆகிவிட்டது. ஹேபர்ஷனின் சரணங்களில் ஒன்றுகூட இல்லை. கணப்பு இல்லை, காலி நாற்காலி இல்லை, 'நீ' இல்லவே இல்லை. ஜன்னல், வண்டி, குழி, காலி வீடு. எல்லாமே 'நான்'. பிரசங்கியார் வெளியே போய்விட்டார், துக்க வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

இதைச் சாதாரண மாற்றமாக நான் நினைக்கவில்லை. பழைய பாட்டு மேடையிலிருந்து கீழே பார்த்துக் கேட்டது. இது சவ வண்டிக்குப் பின்னால் நடந்துபோகிறவர் கேட்கிறார்.

ஆல்ட்டோ அக்கா

சார், ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஹேபர்ஷனின் பல்லவியில் 'பின்னொரு நாளில், பின்னொரு நாளில்' என்று சும்மா இரண்டு தடவை வரும். கார்ட்டரில் அதற்கு நடுவே ஒரே ஒரு சொல்லைச் செருகியிருக்கிறார்கள். 'லார்ட்'. பின்னொரு நாளில், தேவா, பின்னொரு நாளில். வானத்தில், தேவா, வானத்தில்.

பாடும்போது அதை மூச்சு வாங்குகிற இடம் என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் கேள்வியின் விலாசம் அதில்தான் இருக்கிறது. லண்டனில் பிரசங்கியார் மனுஷனைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, மலையில் மனுஷன் ஆண்டவரைப் பார்த்துத் திருப்பிக் கேட்கிறான். முடியுமா ஆண்டவரே? வீடு இருக்கிறது, அது எனக்குத் தெரியும், நீர் சொன்னதுதான். நாங்கள் எல்லாரும் அங்கே இருப்போமா, அதைச் சொல்லும்.

மலைத்தேன் கேட்ட 'நம்பிக்கையா, சந்தேகமா' என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இது. பைபிளின் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் நிறையப் பாட்டுகள் இப்படித்தான். 'எதுவரைக்கும் கர்த்தாவே' என்று கேட்கிறவன் நம்பாதவன் இல்லை. நம்பாதவன் கர்த்தாவே என்று கூப்பிடவே மாட்டான்.

பூனைக்கண்

ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவா! நான் அதைத் தாளக்கட்டுக்குப் போட்ட சொல் என்று நினைத்தேன்.

ஆல்ட்டோ அக்கா

தாளக்கட்டுக்குத்தான் போட்டிருப்பார்கள். அதனால் என்ன?

சந்தேகப் பிராணி

சரி, பிறவிச் சுழற்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது வேறு கேள்வி. லண்டன் அம்மாவின் பல்லவியை எடுத்து, சரணத்தை மாற்றி, ஏ.பி. கார்ட்டர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இன்று யாரைக் கேட்டாலும் 'கார்ட்டர் குடும்பப் பாட்டு' என்கிறார்கள். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு.

வால்வு ரேடியோ

நியாயமான கேள்வி. நான் கார்ட்டரின் ரசிகன்தான், ஆனாலும் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

பின்னணி இதுதான். ரால்ஃப் பீரின் வருமானம் பாட்டின் உரிமையில் இருந்தது. பழைய பாட்டை அப்படியே பாடினால் உரிமை பதிய முடியாது. புதிதாக இருக்க வேண்டும், அல்லது புதிதென்று சொல்லும் அளவுக்கு மாற்றியிருக்க வேண்டும். கார்ட்டர் குடும்பமோ வருடத்துக்கு வருடம் பாட்டு கொடுத்தாக வேண்டும். ஏ.பி. மலைமலையாக ஏறி, வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டு இருக்கிறதா' என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார்.

அவருக்கு வரிகள் பிடிபடும், மெட்டு மனசில் நிற்காது. அதற்கு ஓர் ஆளைக் கூடக் கூட்டிக்கொண்டு போனார். லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி. வரியை எழுதுவார், ரிடில் மெட்டை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வாசித்துக் காட்டுவார். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தெற்கில் இப்படி ஒரு ஜோடி மலைப்பாதையில் நடந்திருக்கிறது. மேபல் அவரிடம் கிட்டார் நுணுக்கம் கற்றுக்கொண்டார். ரெக்கார்டுகளில் மட்டும் ரிடிலின் பெயர் இல்லை. 1965இல் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் அவரை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் தேடிக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றி சீகரிடம் சொன்னது மேபல்தான்.

ஆக, ஹேபர்ஷனின் பெயர் மறைந்தது, ரிடிலின் பெயர் மறைந்தது, கார்ட்டரின் பெயர் நின்றது. திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் கார்ட்டர் போட்ட சரணங்கள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டு 1907 கூட்டங்களோடு போயிருக்கும். ஆனால் 'ஏ.பி. எழுதியது' என்று மட்டும் போட்டால் அது முழு உண்மையும் இல்லை.

சந்தேகப் பிராணி

இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நன்றி சார்.

மூன்று கார்டு

மெட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று வந்தேன்.

கேப்ரியலின் மெட்டில் சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று. கார்ட்டரில் இரண்டுக்கும் ஒரே மெட்டுதான். அந்த மெட்டோ 'சின்ஸ் ஐ லெய்ட் மை பர்டன் டவுன்' என்ற கறுப்பினச் சபைப் பாடலின் மெட்டுக்கு அக்கா தங்கை மாதிரி. ஒன்றைப் பாடிக்கொண்டே மற்றதற்குத் தாவிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆக சந்தேகப் பிராணியின் பட்டியலில் இன்னொரு பெயர் தெரியாதவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜி, சி, டி என்ற மூன்று கிட்டார் கார்டுகள் தெரிந்தால் போதும், வாசித்துவிடலாம். ஆனால் மேபல் மாதிரி வாசிக்க வேண்டும் என்றால் கட்டைவிரல்தான் பாட வேண்டும். மற்றவர்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிப்பார்கள். அவர் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை எடுத்து, ஆட்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளை மேலும் கீழும் வருடித் தாளம் போடுவார். 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' என்று பெயரே வந்துவிட்டது. நான் மூன்று மாதம் முயற்சி செய்தேன். கட்டைவிரல் மெட்டைப் பிடித்தால் ஆட்காட்டி விரல் நின்றுவிடும், இதைக் கவனித்தால் அது தொலைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ ஆறிக்கொண்டிருந்தபோது, வேறு எதையோ நினைத்துக்கொண்டு வாசித்தபோது, தானாக வந்தது. நினைத்ததும் போய்விட்டது.

கார்ட்டர் ரெக்கார்டுகளோடு சேர்ந்து வாசிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்கள் தாளத்தை நேராக எண்ணிப் பாடுகிறவர்கள் இல்லை. வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், மிச்ச எண்ணிக்கைக்குக் காத்திருக்க மாட்டார்கள். வேறிடத்தில் இரண்டு எண்ணிக்கை கூட நிற்பார்கள். மலைக்காரர்கள் இதைக் கோணல் மெட்டு என்பார்கள். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைப் போட்டால் சண்டைதான் வரும்.

மலைத்தேன்

இவ்வளவு துக்கமான வரியை ஏன் இவ்வளவு நடையோடு பாடுகிறார்கள்? சாரா குரலில் அழுகையே இல்லையே. ஏ.பி.யின் அம்மா இறந்தபோது எழுதியதா இது?

வால்வு ரேடியோ

ஏ.பி.யை விடுங்கள். பாடுகிற சாராவைப் பார்க்க வேண்டும்.

சாரா குழந்தையாக இருக்கும்போதே அவருடைய அம்மா இறந்துவிட்டார். காப்பர் க்ரீக்கில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர். அம்மாவின் சவ வண்டியைப் பற்றிய பாட்டை முன்குரலில் பாடுகிறவர், அம்மாவை நினைவில் வைத்திருக்க வழியில்லாத ஒருவர். அவர் ஏன் அழாமல் பாடினார் என்று நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. கேட்டுப் பாருங்கள். கணக்குப் பிள்ளை வரவு வாசிப்பதுபோல, ஒவ்வொரு வரியாகக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். இந்தப் பாட்டை உருகி உருகிப் பாடியவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் சாராவுக்குப் பக்கத்தில் வரவில்லை என்பது என் கட்சி.

இன்னொன்று. 1935 மே மாதம் நியூயார்க்கில் அந்த மைக்குக்கு முன்னால் நின்றபோது, ஏ.பி.யும் சாராவும் கணவன் மனைவியாக வாழவில்லை. 1933இலேயே சாரா வீட்டைவிட்டுப் போய்விட்டார். ஏ.பி. வாரக்கணக்கில் பாட்டுத் தேடிப் போய்விட, வீடும் வயலும் பிள்ளைகளும் சாராவின் தலையில். அந்த நேரத்தில் ஏ.பி.யின் சொந்தக்காரர் காய் பேய்ஸோடு மனசு ஒட்டிவிட்டது. 1936இல் விவாகரத்து. பதிவுக்கும் ரேடியோவுக்கும் மட்டும் மூவரும் சேர்ந்து நிற்பார்கள்.

அப்புறம் மெக்ஸிகோ எல்லையில் எக்ஸ்ஈஆர்ஏ என்ற பெரிய ரேடியோ நிலையத்தில் பாடினார்கள். அமெரிக்கா முழுக்கக் கேட்கும். 1939இல் ஒருநாள், கலிபோர்னியாவுக்குப் போய்விட்ட காய் பேய்ஸின் பெயரைச் சொல்லி சாரா ஒரு பாட்டைப் பாடினார். ஏ.பி. அதே குழுவில். காய் கேட்டார், வந்தார், கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் மூவரும் சேர்ந்து பாடினார்கள்.

வட்டம் உடையாமல் இருக்க முடியுமா என்று பாடிய குடும்பத்தின் வட்டம் இது.

பூனைக்கண்

ஏ.பி. பாவம்.

ஆல்ட்டோ அக்கா

சாராவும்தான். அவர் மலைமலையாகப் பாட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது விறகு வெட்டியது யார்?

மூன்று கார்டு

1972 ரெக்கார்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கலிபோர்னியாவிலிருந்து நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்று நீளமுடிப் பையன்கள். 1971 ஆகஸ்டில் நாஷ்வில்லுக்கு வந்து உட்லேண்ட் ஸ்டுடியோவில் பெரியவர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். மேபல் கார்ட்டர், ராய் ஏகஃப், டாக் வாட்ஸன், ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மெர்ல் ட்ராவிஸ், ஜிம்மி மார்ட்டின். வியட்நாம் போர் நாட்கள். நீளமுடியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஊர். கன்ட்ரி இசையின் ஒரு கிளையான புளூகிராஸின் தந்தை பில் மன்றோ வர மறுத்துவிட்டார். டாக் வாட்ஸன் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்ததே மெர்ல் ட்ராவிஸின் நினைவாகத்தான். இருவரும் நேரில் சந்தித்தது இந்தப் பதிவில்தான் முதல்முறை.

மூன்று தட்டு ஆல்பம், தலைப்பு இந்தப் பாட்டு. அட்டையிலேயே 'இசை ஒரு புதிய வட்டத்தை உருவாக்குகிறது' என்று போட்டிருந்தார்கள். மேபல் ஆரம்பிக்கிறார். சரணங்களை மேபலும் ஏகஃபும் ஜிம்மி மார்ட்டினும் பங்குபோட்டுக்கொள்ள, பல்லவிக்கு அறையில் இருக்கிற எல்லாரும். சரணம் கார்ட்டருடையது, 'வில்' ஹேபர்ஷனுடையது. பிரிந்துபோன இரண்டு பாட்டும் ஒட்டிக்கொண்ட இந்த வடிவம்தான் ஊரெங்கும் நிலைத்தது.

நாஷ்வில்லில் கன்ட்ரி இசைக்கான புகழ் மண்டபத்தில் வட்டமான ஒரு கூடம் இருக்கிறது. கலைஞர்களின் வெண்கலப் பட்டயங்கள் சுற்றிலும் இருக்க, மேலே சுவரைச் சுற்றி இந்தத் தலைப்பைப் பொறித்திருக்கிறார்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் விழாவை இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடித்தான் முடிப்பார்கள்.

சந்தேகப் பிராணி

அங்கே வட்டத்தின் அர்த்தம் மறுபடி மாறிவிட்டது. இப்போது அது தொழில்காரர்களின் வட்டம். அம்மா காணோம், வானம் காணோம், ஆண்டவரையும் காணோம்.

மூன்று கார்டு

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் 'டாடி சாங் பேஸ்' கேளுங்கள், வானம் திரும்பி வரும். கார்ல் பெர்கின்ஸ் எழுதியது, பல்லவியை கார்ட்டரிடமிருந்தே எடுத்திருக்கிறார். அப்பா கீழ்க்குரல், அம்மா மேல்குரல், பிள்ளைகள் நடுவில். கேஷின் அண்ணன் ஜாக் 1944இல் மர அறுவை இயந்திரத்தில் சிக்கி இறந்தவர். கேஷ் 1968இல் கட்டியது யாரை? மேபலின் மகள் ஜூனை.

ஆல்ட்டோ அக்கா

கறுப்பினக் குடும்பங்களிலும் இது ஓடியிருக்கிறது. ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற குடும்பப் பாட்டுக் குழுவின் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். சிகாகோ வீட்டில் அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, கிட்டார் கம்பி ஒவ்வொன்றாகத் தட்டி, 'இது உன் குரல், இது உன் குரல்' என்று பிரித்துக் கொடுத்தாராம். அப்படி அவர் கற்றுக்கொடுத்த முதல் பாட்டு இதுதான். வட்டத்தில் உட்கார்ந்தே வட்டத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள். மிசிசிப்பியில் தன் கூடப்பிறந்தவர்களோடு பாடியதை அவர் சிகாகோவில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

மலைத்தேன்

எல்லாருக்கும் நன்றி. தமிழில் ஏன் எழுத ஆசைப்பட்டேன் என்று முதலில் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் எங்கள் பாட்டி போய்விட்டார். ஊரில் அமரர் ஊர்தி வந்தது. வண்டி தெருமுனையில் திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம். பாட்டி உயிரோடு இருந்தபோது ஆட்டோவில் போனால் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் ஓட்டுநரின் தோளைத் தொடுவார், முதுகுவலிக்காக. அன்றைக்கு எங்கள் சித்தி வண்டிக்குப் பக்கத்தில் ஓடிப்போய் ஓட்டுநரிடம் 'அண்ணே, பைய போங்க' என்றார். வண்டிக்குள் இருப்பவருக்கு இனி வலிக்காது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநருக்கும் தெரியும். நிறுத்தி, முதல் கியரில் இறக்கி ஏற்றினார். இரண்டு வாரம் கழித்துத்தான் இந்தப் பாட்டைக் கேட்டேன்.

நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

ஜன்னலோரம் நின்றிருந்தேன், மேகம் மூடிய நாள்,
அம்மாவை ஏற்றிச் செல்ல வண்டி வந்து நின்ற நாள்.
வண்டிக்காரரே, வண்டிக்காரரே, மெதுவாக ஓட்டுங்கள்...

பல்லவிக்கு 'வட்டம்' சரிப்படவில்லை. 'வட்டம் உடையுமா' என்றால் ஏதோ சக்கரம் கழன்றதுபோல் இருக்கிறது. பாட்டில் வண்டிக்காரரை 'அண்டர்டேக்கர்' என்கிறார்கள், இறுதிச் சடங்கை ஏற்று நடத்துகிறவர். அதற்கும் சொல் இல்லை. 'வெட்டியான்' போட்டால் வேறு ஆளாகிவிடுகிறது.

ஆல்ட்டோ அக்கா

வெட்டியான் கண்டிப்பாக வேண்டாம். அது குழி வெட்டுகிறவர், அதோடு சாதியும் சேர்ந்து வரும். பாட்டில் கேட்பது வண்டியை ஓட்டிப்போகிறவரிடம். உன் 'வண்டிக்காரரே' போதும்.

வட்டத்தை விட்டுவிடு. நமக்குக் கணப்பு கிடையாது, நாம் வட்டமாக உட்கார்ந்தது நிலாச்சோறுக்குத்தான். 'ஒன்றாகக் கூடுவோமா, தேவா, ஒரு நாள்' என்று வைத்துப் பார். வட்டம் என்ற சொல் போனாலும் கேள்வி போகாது. 'தேவா'வை மட்டும் எடுத்துவிடாதே.

வால்வு ரேடியோ

வட்டத்தை விட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அக்கா சொல்வது பாட வருகிறது. 'முடியுமா' என்பதையும் எங்காவது நுழைக்கப் பாருங்கள். 'கூட முடியுமா, தேவா' என்று வைத்தால் அது 1935. 'கூடுவோமா' 1907.

ஆல்ட்டோ அக்கா

இன்னொன்று தம்பி. 'மெதுவாக ஓட்டுங்கள்' எதற்கு? அது சாலையோரப் பலகை மாதிரி இருக்கிறது. சித்தி சொன்னதையே போடேன்.

மலைத்தேன்

'பைய போங்க' என்றா? பாட்டில் வருமா?

மூன்று கார்டு

இப்போதுதான் ஜியில் பாடிப் பார்த்தேன். 'அண்ணே அண்ணே, பைய போங்க' என்றால் அந்த வரிக்குச் சரியாக விழுகிறது. 'போங்க' வரும் இடத்தில் சி கார்டுக்குப் போங்கள். கடைசியில் ஓர் எண்ணிக்கை மிச்சம் நிற்கிறது, கோணல் மெட்டுதானே, விட்டுவிடலாம்.